கீபோர்ட்டைக் குறை சொல்ல வேண்டாம், ரேமைக் கழற்றிப் பாருங்கள்

தம்பி, கரண்ட் போய் வந்த பிறகு கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது, கீபோர்ட்டும் வேலை செய்யவில்லை என்கிறீர்கள். புதுக் கீபோர்ட் வாங்க டவுனுக்கு ஓடாதீர்கள். கீபோர்ட்டில் 'Num Lock' பட்டனை அழுத்தினால் அதன் லைட் மாறுகிறதா? மாறாவிட்டால் மதர்போர்ட், அதாவது உள்ளே இருக்கும் முதன்மைப் பலகை, தொடக்கச் சோதனையையே தாண்டவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அந்த நிலையில் எந்தக் கீபோர்ட்டைக் குத்தினாலும் இதே கதைதான்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் ரேமை, அதாவது மதர்போர்ட்டில் குத்தியிருக்கும் நீளமான நினைவகப் பட்டையை, கழற்றுங்கள். வீடு கல்லடியில், கடலுக்குப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். உப்புக்காற்றில் ரேமின் தங்கநிறப் பற்கள் மங்கிப் போகும். வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை நன்றாகத் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டும்வரை அமர்த்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

அதற்கும் வரவில்லையா? மதர்போர்ட்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர் 2032 பற்றரியை மாற்றுங்கள். புதியது 3 வோல்ட் காட்டும். மாற்றினால் தேதி, பூட் வரிசை (எந்த டிரைவிலிருந்து முதலில் தொடங்குவது என்ற ஒழுங்கு) எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும், மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கீபோர்ட்டைப் பின்பக்க யூஎஸ்பியில் நேரடியாகக் குத்துங்கள். பீப் சத்தம் வந்தால் எத்தனை தடவை என்று எழுதுங்கள்.