ரியூட்டரிக் கணக்குக்கு எந்த மொடலிங் கருவி?

கேள்வி: அண்ணா, நான் யாழ்ப்பாணம் கொக்குவில். பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு ரியூட்டரிக்கு (தனியார் ரியூஷன் நிலையம்) மாணவர் பதிவு, மாதக் காசு, ஆசிரியர் பங்கு எல்லாம் பார்க்கிற மாதிரி ஒரு மென்பொருள் செய்து தரக் கேட்டிருக்கினம். எனக்குத் தெரிந்தது பிஎச்பி என்ற நிரல் மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும். இவற்றை ஒரேயடியாக நிறுவித் தருகிற எக்ஸாம்ப் போட்டு வேலை செய்கிறேன், மடிக்கணினியில் 4 ஜிபி ராம். தரவுத்தளத்தை முதலில் மொடல் பண்ணிவிட்டு, அதாவது என்னென்ன அட்டவணை, அவற்றுக்குள் என்ன தொடர்பு என்று கீறிவிட்டு, தொடங்கச் சொல்லி ஒரு நண்பர் சொல்கிறார். டிரோ.ஐஓ போதுமா, இல்லை ஏர்வின் மாதிரிப் பெரிய கருவி வேணுமா? உயர்தரத்தில் ஈஆர் படத்தில் தொடர்பைக் காட்ட நாங்கள் கீறின டயமன்ட் வடிவத்தையும் இந்தக் கருவிகளில் காணவில்லை. ஏன்?

பதில்: தம்பி, ஏர்வினை விட்டுவிடுங்கள். ஏர்வின், பவர்டிசைனர், ஈஆர் ஸ்டூடியோ எல்லாம் வங்கி மாதிரி நூற்றுக்கணக்கான அட்டவணைகளைப் பல பேர் சேர்ந்து கட்டிக் காக்கிற இடங்களுக்கானவை. உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு அட்டவணை வரும். அந்த உரிமக் காசுக்குப் புது மடிக்கணினியே வாங்கலாம்.

டிரோ.ஐஓ போதுமா என்பதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி. அது படம் கீறுகிற கருவி. பெட்டிக்குள் ‘மாணவர்’ என்று எழுதினால் அதற்கு அது வெறும் எழுத்துத்தான். நாளைக்கு அந்தப் பெயரை மாற்றினால், அதோடு தொடுத்த மற்றப் பெட்டிகளில் நீங்களே தேடித் தேடித் திருத்த வேணும். மொடலிங் கருவியோ அதை ஓர் அட்டவணை என்று அறிந்து வைத்திருக்கும். ஓரிடத்தில் பெயரை மாற்றினால், அதைச் சுட்டுகிற அந்நியச் சாவிகளும் (மற்ற அட்டவணைகளில் இருந்து அதைக் காட்டுகிற புலங்கள்) புதுப் பெயரோடுதான் எஸ்கியூஎல் கட்டளையில் வெளிவரும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற தரவுத்தளத்துக்கு என்னென்ன மாற்றம் வேணும் என்ற கட்டளையையும் எழுதித் தரும். ஆகவே எந்தக் கருவியைப் பார்த்தாலும், முதல் நாள் அது எவ்வளவு வடிவாகக் கீறுகிறது என்று பார்க்காதீர்கள். மூன்றாம் மாதம் ஒரு புலத்தைக் கூட்டச் சொல்லும்போது அது என்ன செய்யும் என்று பாருங்கள்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முன்பு ஒரு கடைக்கு ஸ்டொக் கணக்குச் செய்து கொடுத்தபோது படத்தை நிறமெல்லாம் போட்டுக் கீறி, அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். ஆறு மாதத்தில் தரவுத்தளத்தில் நாலு அட்டவணை கூடிவிட்டது, சுவரில் இருந்தது பழைய படமேதான். எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்த பிள்ளை படத்தை நம்பி இரண்டு நாள் அலைந்தது.

உங்களுக்கு மைஎஸ்கியூஎல் வேர்க்பெஞ்ச் என்ற மொடலிங் கருவி போதும். இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். 4 ஜிபியில் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். குரோமை மூடிவிட்டுத் திறந்தால் சமாளிக்கலாம்.

ஆனால் எக்ஸாம்பில் ஒரு பொறி இருக்கிறது. 2015 இலிருந்து எக்ஸாம்ப்புக்குள் வருவது மைஎஸ்கியூஎல் இல்லை, அதிலிருந்து பிரிந்த மரியாடிபி. தரவுத்தளத்தை உலாவியில் பார்க்கிற பிஎச்பிமைஅட்மினின் முகப்பைப் பார்த்தால் தெரியும். வேர்க்பெஞ்ச் மைஎஸ்கியூஎல் 8 ஐ நினைத்துக்கொண்டு எழுதும்போது, இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டி) வரிகளின் கடைசியில் ‘விசிபிள்’ என்றொரு சொல்லைச் சேர்க்கும். மரியாடிபிக்கு அந்தச் சொல் தெரியாது, 1064 பிழை என்று நின்றுவிடும். நீங்கள் அட்டவணையில் பிழை தேடுவீர்கள், அட்டவணையில் ஒரு பிழையும் இராது. மொடல் ஒப்ஷன்ஸுக்குள் போய், பொது அமைப்பைப் பாவிக்கும் டிக்கை எடுத்துவிட்டு, இலக்குப் பதிப்பை 5.7 என்று போடுங்கள். அதோடு தரவுத்தளத்தின் எழுத்துக் குறிமுறையை யூடிஎஃப்8எம்பி4 ஆகவும், கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) அதன் யூனிகோட் சிஐ வகையாகவும் வையுங்கள். பெயரில் 0900 என்று வருகிற கொலேஷனை எக்ஸாம்ப்பின் மரியாடிபி ஏற்காது.

இன்னொருவரோடு சேர்ந்து வேலை செய்வதாக இருந்தால் என் பதில் மாறும். வேர்க்பெஞ்சின் கோப்பு சுருக்கிக் கட்டின பொதி. யார் எதை மாற்றினார் என்று, மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட்டில் வரிவரியாகப் பார்க்க முடியாது. அப்போது டிபிடயகிராம் நல்லது. அதில் டிபிஎம்எல் என்ற எளிய மொழியில் அட்டவணையைத் தட்டச்சுச் செய்தால் படம் பக்கத்தில் தானாக வரும், மைஎஸ்கியூஎல்லுக்கு ஏற்றுமதியும் செய்யலாம். ஆனால் அதற்கு இணையம் வேணும். டிபீவர் என்ற கருவி ஏற்கெனவே இருக்கிற தரவுத்தளத்தைப் படமாகப் பார்க்கத் தோதானது. பிறகு எப்போதாவது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாறினால் அதன் பிஜிஅட்மினுக்குள்ளேயே ஈஆர் கருவி இருக்கிறது.

சரி, டயமன்ட்டுக்கு வருவோம். உயர்தரத்தில் நீங்கள் கீறினது பீட்டர் சென் 1976 இல் முன்வைத்த குறியீடு. எதற்கும் எதற்கும் என்ன தொடர்பு என்று யோசிக்கிற கட்டத்துக்கு அது நல்லது. வேர்க்பெஞ்ச் மாதிரிக் கருவிகள் அடுத்த கட்டத்தில், அட்டவணைகளாகவே நிற்பவை. அவை பாவிப்பது காகக்கால் குறியீடு: கோட்டு முனை மூன்று விரலாகப் பிரிகிற பக்கம் ‘பல’. ஒன்றுக்குப் பல என்ற டயமன்ட் இங்கே ஓர் அந்நியச் சாவியாகக் கரைந்துவிடும். பலவுக்குப் பல என்ற டயமன்ட் தனி அட்டவணையாக எழும்பும்.

உங்கள் ரியூட்டரியின் உயிர் அந்த எழும்புகிற அட்டவணையில்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை இரசாயனத்துக்கும் இணைந்த கணிதத்துக்கும் வரும். ஒரு வகுப்பில் பல பிள்ளைகள் இருப்பார்கள். வேர்க்பெஞ்சில் பலவுக்குப் பல பொத்தானை அழுத்தி இரண்டையும் தொடுத்தால், இரண்டு சாவிகளோடு நடுவில் ஓர் அட்டவணையைத் தானே போட்டுத் தரும். அதோடு விட்டுவிடாதீர்கள். அதற்குப் ‘பதிவு’ என்று பெயர் மாற்றி, சேர்ந்த திகதி, விலகிய திகதி, சலுகை மூன்றையும் சேருங்கள். அரைக் காசு, அண்ணன் தங்கைக்குக் கழிவு, இலவச அட்டை எல்லாம் பிள்ளையைப் பற்றிய விடயம் இல்லை. அந்தப் பிள்ளைக்கும் அந்த வகுப்புக்கும் இடையிலான விடயம். இரசாயன சேர் இலவசமாக விட்டிருப்பார், கணித சேர் விட்டிருக்க மாட்டார். இதை மாணவர் அட்டவணையில் போட்டால் ஆசிரியர் பங்கு பிரிக்கும் நாளில் சண்டை வரும். கட்டணத் தொகையும் அப்படித்தான். வகுப்பு அட்டவணையில் இன்றைய கட்டணம் இருக்கட்டும், ஆனால் பற்றுச்சீட்டு எழுதும்போது வாங்கின தொகையை அந்தச் சீட்டிலேயே பதிந்து வையுங்கள். இல்லாவிட்டால் மார்ச்சில் கட்டணம் கூடியதும் ஜனவரிக் கணக்கும் சேர்ந்து கூடிவிடும்.

இணையத்தில் கிடைக்கிற மாதிரி வடிவங்களை அப்படியே எடுக்காதீர்கள். அவற்றில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இருக்கும். எங்களுக்கு முன்னால் நிற்பது தகப்பன் பெயர். எங்கள் படிவங்களில் இருப்பதுபோல முழுப்பெயர், முதலெழுத்துகளுடன் பெயர் என்று இரண்டு புலம் வையுங்கள். அகலமாகவும் வையுங்கள். ‘யாழ்ப்பாணம்’ எங்களுக்கு ஆறு எழுத்து, ஆனால் ஒற்றும் காலும் தனித்தனிக் குறி என்பதால் யூனிகோடில் பதினொன்று. பத்து என்று அளவு வைத்தால் ஊர்ப் பெயரே உள்ளே போகாது. அடையாள அட்டை எண்ணை முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் புலம்) ஆக்காதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அட்டையே இராது. பழைய எண் ஒன்பது இலக்கத்தோடு வி அல்லது எக்ஸ், 2016 இலிருந்து கொடுக்கிற புதியது பன்னிரண்டு இலக்கம். பெற்றோரின் தொலைபேசி எண்ணும் எழுத்து வகையாகவே இருக்கட்டும். எண் வகையில் போட்டால் யாழ்ப்பாணத்து 021 இன் முதல் பூச்சியம் பறந்துவிடும்.

மென்பொருள் ஓடத் தொடங்கின பிறகு மாற்றத்தை எப்போதும் மொடலில் செய்து, ஒத்திசைவு மூலம் தரவுத்தளத்துக்கு அனுப்புங்கள். அதற்கு முன் பிரதி ஒன்று எடுத்துவிட்டு, கருவி எழுதித் தருகிற கட்டளையை முழுவதும் வாசியுங்கள். பெயர் மாற்றத்தைச் சில வேளை ‘பழையதை அழி, புதியதைச் சேர்’ என்று அது விளங்கிக்கொள்ளும். வாசிக்காமல் ஓட்டினால் அந்தப் புலத்தில் இருந்த தரவு அவ்வளவும் போய்விடும்.

இதெல்லாம் பிறகு. வேர்க்பெஞ்சைத் திறக்க முதல் அந்த ரியூட்டரிக்குப் போய்ப் போன மாதப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை வாங்கி, இருபது சீட்டை உங்கள் கொப்பியில் கீறின அட்டவணைகளுக்குள் பேனையால் நிரப்பிப் பாருங்கள். ‘பாதி இப்ப, மிச்சம் 15 ஆம் திகதி’ என்று பின்பக்கத்தில் கிறுக்கின சீட்டு ஒன்றாவது அதற்குள் இருக்கும். அதை எந்த அட்டவணையில் எழுதுவீர்கள் என்று முடிவெடுத்த பிறகு மொடலைத் தொடங்குங்கள்.