கறுப்பினப் பெண்களின் நாவல்களில் பெண்ணியம்: கேள்வி பதில்

கேள்வி: எந்த நாவலில் தொடங்கலாம்?

டோனி மாரிசனின் 'சூலா' (1973). சின்ன நாவல்தான். "துணிச்சலான பெண் எங்கே?" என்று தேடிக்கொண்டு மட்டும் படிக்காதீர்கள். தோழிகள் இருவருக்கிடையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: பெண் என்றால் எல்லோரும் பெண்தானே? இதில் நிறம் எதற்கு?

ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' (1982) நாவலில் சோபியா என்று ஒருத்தி வருகிறாள். கணவன் அடித்தால் திருப்பி அடிப்பவள். வெள்ளைக்கார மேயரின் மனைவி அவளை வேலைக்காரியாக வரச்சொல்கிறாள். சோபியா மறுக்கிறாள். மேயர் அறைய, அவள் திருப்பி அடிக்க, சிறை. கடைசியில் அதே வீட்டில்தான் வேலைக்காரி.

அந்த அம்மாளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் சோபியாதான். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளைப் பார்க்கக் காரில் கூட்டிப்போகிறாளாம், பெரிய மனசு! போன இடத்தில் காரைப் பின்னால் எடுக்கத் தெரியவில்லை. கறுப்பின ஆண் யாரும் ஓட்டிக்கொண்டு போகவும் சம்மதமில்லை. கடைசியில் சோபியாவுக்குப் பிள்ளைகளோடு கிடைத்தது 15 நிமிடம். இரண்டு பேரும் பெண்கள்தான்.

கேள்வி: கவிதைகள் பற்றி?

என் துறை இல்லை. கவிதை வாசிப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆப்பிரிக்க எழுத்தில் தாய்மை?

நைஜீரியாவின் புச்சி எமெசெட்டா எழுதிய 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' (1979). 'தாய்மையின் இன்பங்கள்' என்ற தலைப்பே குத்தல். அந்தத் தலைப்பு ஃப்ளோரா நுவாப்பாவின் 'எஃபுரு' (1966) நாவல் முடியும் இடத்திலிருந்து எடுத்தது. நாயகி நூ ஈகோ பிள்ளைகளுக்காகவே உழைத்துத் தேய்ந்து, கையைப் பிடிக்க ஒரு பிள்ளையும் இல்லாமல் சாலையோரத்தில் சாகிறாள். பிறகு தடபுடலாகச் சாவு எடுத்துக் கோயிலும் கட்டுகிறார்கள். பிள்ளைவரம் கேட்டு வருபவர்களுக்கு மட்டும் அவள் வரம் தருவதேயில்லை!

கேள்வி: ஆரம்பிக்க நல்ல புத்தகம் சொல்லுங்களேன்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இவர்கள் எல்லாம் ஆண்களை வெறுப்பவர்கள்தானே?

இதே கேள்வியை இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள். 1985-இல் 'தி கலர் பர்ப்பிள்' படமாக வந்தபோதும் கறுப்பின ஆண்களைக் கேவலப்படுத்துகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. கறுப்பின ஆண் என்றாலே முரடன் என்று சொல்ல வெள்ளைச் சமூகம் எப்போதும் தயாராக இருந்தது. ஆனால் நாவலைக் கடைசிவரை படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நாயகி சீலியை அடித்து, அவள் தங்கையின் கடிதங்களை ஒளித்துவைத்த அதே கணவன் ஆல்பர்ட், பின்னால் அவளோடு உட்கார்ந்து துணி தைக்கிறான். வெறுப்பவள் இதை ஏன் எழுத வேண்டும்?

கேள்வி: ஆண் விமர்சகர்கள் சொன்னதில் நியாயமே இல்லையா? ரிச்சர்ட் ரைட்?

ஸோரா நீல் ஹர்ஸ்டனின் 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவலில் கருப்பொருளும் இல்லை, சேதியும் இல்லை என்று 1937-இல் எழுதினார் கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ரைட். அதில் மூன்று திருமணங்களைக் கடந்து ஒருத்தி தன் கதையைத் தோழியிடம் தானே சொல்கிறாள். அது அவருக்குச் சேதியாகப் படவில்லை. இனவெறியைப் பற்றி நேராகப் பேசினால்தான் அரசியல் என்று நினைத்தார். அவருடைய நாவல்களை நானும் மதிக்கிறேன், இந்த விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக முடியாது.

கேள்வி: நான் படம்தான் பார்த்தேன். ஆண் வெறுப்புதான் தெரிந்தது.

சரி, நாவலைப் படித்துவிட்டு வாருங்கள். அப்புறம் சண்டை போடலாம்.