அடியிலிருந்து பாருங்கள்: கற்கோயில் கட்டடக்கலை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகளாகக் கோயில்களுக்குப் போகிறேன். கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பேன், சாமி கும்பிடுவேன், திரும்பிவிடுவேன். கட்டடமாகப் பார்க்க எங்கே தொடங்குவது?

பதில்: தரையில் தொடங்குங்கள். கருவறையைச் சுற்றி வரும்போது கண்ணை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்துங்கள். சுவருக்கு அடியில் கிடையாக ஓடும் கல்வரிகள்தான் அதிட்டானம். தரையை ஒட்டி உபானம், அதன்மேல் அகன்ற பட்டையாக ஜகதி, அடுத்துப் புடைத்து நிற்கும் குமுதம், உள்வாங்கிய கண்டம், விளிம்பாக நீளும் பட்டிகை. குமுதம் உருண்டிருந்தால் விருத்த குமுதம். மூன்று முகங்களாகச் செதுக்கியிருந்தால் முப்பட்டைக் குமுதம். பட்டிகையின் இடத்தில் யாளிகள் வரிசையாக ஓடினால் அந்த அமைப்புக்குப் பிரதிபந்தம் என்று பெயர். பெயர்கள் மனத்தில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, வெயிலில் ஒரு வரியின் நிழல் அடுத்த வரியின்மேல் விழுவதைப் பாருங்கள். அவ்வளவு கனமான கல் ஏன் பாரமாகத் தோன்றவில்லை என்பது அங்கே புரியும்.

அதிட்டானம், பாதம் எனப்படும் சுவர், பிரஸ்தரம் எனப்படும் கூரைப் பகுதி, கிரீவம், சிகரம், உச்சிக் கலசமான ஸ்தூபி ஆகிய ஆறு உறுப்புகள் சேர்ந்த கருவறைக் கட்டடமே விமானம். கிரீவம் என்றால் கழுத்து. அதன்மேல் தலையாகச் சிகரம். அது சதுரமானால் நாகரம், எண்கோணமானால் திராவிடம், வட்டமானால் வேசரம்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்று பேரனிடம் சொன்னேன். அவன் மறுக்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: பேரன் சொல்வதுதான் சரி, அம்மா. நிழல் நன்றாகவே விழுகிறது. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்பதும் அப்படிப்பட்ட கதைதான். அந்தச் சிகரம் பல கற்களை இணைத்துச் செய்யப்பட்டது. இந்தக் கதைகள் எனக்கு வருத்தம் தருகின்றன, உண்மையான அருஞ்செயலை அவை மறைத்துவிடுகின்றன. கருங்கல் கிடைக்காத காவிரிச் சமவெளிக்கு வெளியிலிருந்து கல்லைக் கொண்டுவந்து, ஏறத்தாழ 216 அடி உயர விமானத்தை எழுப்பினார்கள். உச்சியில் வைப்பதற்கான செப்புக் குடத்தை இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், கொடுத்த செய்தி கல்லிலேயே இருக்கிறது. பெருந்தச்சரின் பெயரும் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். பேரனுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: கட்டடப் பொறியியல் படிக்கிறேன். சாந்து இல்லாமல் இவ்வளவு கல் எப்படி நிற்கிறது?

பதில்: எடைதான் பிடிமானம். தஞ்சையில் கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்கள் உண்டு. நடுவே உள்சுற்று. மேலே போகப் போக ஒவ்வொரு அடுக்குக் கல்லும் கீழ்க்கல்லைவிடச் சற்று உள்ளே நீட்டி வைக்கப்பட்டு, இரண்டு சுவர்களும் ஒன்றாகச் சேர்கின்றன. அந்த அகன்ற மேடையிலிருந்துதான் கூம்பு எழுகிறது. அதன் உள்ளே வெற்றிடம். பாரம் நேராகக் கீழே இறங்குவதால் கற்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன.

கேள்வி: விமானமும் கோபுரமும் ஒன்றா?

பதில்: இல்லை. கருவறையை உள்ளடக்கி அதன்மேல் உயர்வது விமானம், வாயிலுக்கு மேல் இருப்பது கோபுரம். தஞ்சையில் விமானம் ஓங்கி நிற்கிறது, கேரளாந்தகன் வாயிலும் இராசராசன் வாயிலும் அடங்கி நிற்கின்றன. பின்னாளில் இது தலைகீழானது. மதில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடக்கூட வெளிவாயில்கள் உயர்ந்தன. திருவரங்கத்தில் பல நூற்றாண்டுகள் முடிவுறாமல் நின்ற இராசகோபுரம் 1987இல் 13 நிலைகளோடு 236 அடியில் நிறைவுபெற்றது. பெரிய கோபுரங்கள் பெரும்பாலும் அடிப்பகுதி கல்லும், மேல்நிலைகள் செங்கல்லும் சுதையுமாக அமைந்தவை. பாரத்தைக் குறைக்க அதுவே வழி.

கேள்வி: கல்வெட்டு படிக்கத் தெரியாதவர்கள் ஒரு கோயிலின் காலத்தை எப்படி ஊகிப்பது?

பதில்: தூணின் தலைமேல் உத்திரத்தைத் தாங்கும் போதிகையைப் பாருங்கள். பல்லவர் போதிகை வளைந்து, அலை அலையாக இருக்கும். சோழர் போதிகையில் முனை சரிவாக வெட்டப்பட்டு, நடுவே ஒரு துண்டு முன்னால் நீட்டியிருக்கும். விசயநகர, நாயக்கர் காலத்தில் அந்த நீட்சியே தலைகீழாகத் தொங்கும் பூமொட்டாக மாறிவிடுகிறது. ஒரே கோயிலில் இந்த வகைகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ளிருந்து வெளியே நடந்தால் நூற்றாண்டுகளைக் கடக்கலாம்.

கேள்வி: ஆவுடையார்கோயில் கொடுங்கையில் கல்லிலேயே மரச்சட்டமும் ஆணியும் செதுக்கியிருக்கிறார்களே, எதற்கு?

பதில்: கோயில்கள் முதலில் மரத்தாலும் செங்கல்லாலும் கட்டப்பட்டன, அந்த நினைவைக் கல் விடவில்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைந்த குகைக்கோயிலைச் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் செய்ததாகப் பெருமையோடு எழுதிவைத்தான். பொருள் மாறியது, வடிவம் மாறவில்லை. கொடுங்கை என்பது சுவரைத் தாண்டி வெளியே சாய்ந்து நீளும் கூரை விளிம்புதான். ஆவுடையார்கோயிலில் அதன் அடியில் நின்று பாருங்கள், கல் விரிந்து மெலிந்து போகும் இடத்தில் சட்டங்களும் குமிழ் ஆணிகளும் ஒன்றுவிடாமல் தெரியும்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் திருப்பணி நடக்கப்போகிறது. தரையை உயர்த்திப் புதுக் கல் பதிக்கப்போகிறார்கள். நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தயவுசெய்து தரையை உயர்த்த விடாதீர்கள். ஒரு கோயிலில் குமுதம் வரை தளம் ஏறிவிட்டதைப் பார்த்தேன். உபானமும் ஜகதியும் புதைந்துவிட்டன. ஜகதியில்தான் எழுத்துகள் இருந்தன. தளத்தின் ஓரத்தில் ஒரு வரியின் மேல்பாதி மட்டும் தெரிந்தது, விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

மணல் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்வதும் கூடாது, எழுத்தின் விளிம்பே போய்விடும். தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். கற்களைப் பிரிக்க நேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் எண் இடுங்கள். பிரிக்கும் முன் பதிவு செய்துகொள்வது புதிய யோசனை இல்லை. திருமழபாடிக் கோயிலைப் பிரித்துக் கட்ட ஆணையிட்ட இராசராசன், சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். அவை அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. வேலை தொடங்கும் முன் ஒருநாள் காலை இளவெயில் சாய்வாக விழும் நேரத்தில் நான்கு பக்கமும், உபானம் முதல் பட்டிகை வரை, ஒரு சாண் விடாமல் படம் எடுத்துவிடுங்கள்.