கேட்டீர்கள், சொல்கிறோம்: 45 நாட் ஓடும் கற்பனைக் கப்பல்

கேள்வி: என் தொடர்கதையில் ஒரு கற்பனைக் கடற்படை. அதில் முதல் கப்பல் 'முரசு'; அந்த ரக ஏவுகணை நாசகாரிகள் (டெஸ்ட்ராயர் என்னும் பெரிய போர்க்கப்பல்கள்) நான்கு. நீளம் 130 மீட்டர், எடை 5,000 டன், வேகம் 45 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்), கப்பலுக்கு ஏவுகணை 120. வாசகர்கள் நம்புவார்களா?
- செம்பூர் வாசகர்

பதில்: பெயர் ஜோர். முதல் கப்பலின் பெயரையே ரகத்துக்கு வைத்ததும் சரி. கணக்குதான் உதைக்கிறது.

அளவுகோல் நம் ஊரிலேயே இருக்கிறது. மும்பையின் மசகான் டாக் தளத்தில் கட்டிய விசாகப்பட்டினம் ரக நாசகாரிக்கு நீளம் 163 மீட்டர், எடை 7,400 டன், வேகம் 30 நாட்டுக்குச் சற்று மேல். ஏவுகணை? வான் தாக்குதலைத் தடுக்கும் பராக்-8 முப்பத்திரண்டு, கப்பலையும் தரையையும் தாக்கும் பிரம்மோஸ் பதினாறு, ஆக 48. உங்கள் முரசு அதைவிட 2,400 டன் இளைத்தவன். 120ஐ எங்கே சுமப்பான்? நாற்பதோடு நிறுத்துங்கள்.

அடுத்து வேகம். ஓடும் கப்பல் தானே ஓர் அலையை எழுப்பும். அந்த அலை கப்பலின் நீளத்துக்கு வளர்ந்துவிட்டால், அதற்குமேல் முடுக்குவது மேட்டில் வண்டி தள்ளுகிற கதை. அந்த எல்லை வேகம் எவ்வளவு? மீட்டரில் நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்குங்கள்: 163 மீட்டருக்கு 31 நாட், 130 மீட்டருக்கு 27.7. தாண்டவே முடியாது என்றில்லை. ஆனால் தேவையான எஞ்சின் திறன் வேகத்தின் மும்மடியை (வேகம் × வேகம் × வேகம்) ஒட்டி ஏறும். 30 நாட்டை 45 ஆக்கக் குறைந்தது 3.4 மடங்கு வேண்டும். நான்கு கேஸ் டர்பைன் எஞ்சின் பதினாலாகும். அப்புறம் எரிபொருளுக்கும் ஆட்களுக்கும் இடமேது? நீளத்தை 150 மீட்டராக்கி, 31 நாட் என்று எழுதுங்கள்.

ரேடாரைக் கொடிமரத்தின் உச்சியில் வைத்திருக்கிறீர்களா? பூமி உருண்டை என்பதால், 25 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தாலும், நீர்மட்டத்துக்கு 4 மீட்டர் மேலே வரும் ஏவுகணை சுமார் 29 கிலோமீட்டரில்தான் கண்ணில் படும். அது நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வந்தால், கேப்டனுக்கு மிஞ்சுவது 96 நொடி. ரேடாரை 16 மீட்டருக்கு இறக்கினால் 82 நொடிதான். சரி, இன்னும் உயர்த்தலாமே? 20 டன் ரேடாரை 10 மீட்டர் மேலே ஏற்றினால், 5,000 டன் கப்பலின் ஈர்ப்பு மையம் 4 சென்டிமீட்டர் உயரும். அற்பம்போலத் தெரியும். ஆனால் ஈர்ப்பு மையம் ஏற ஏற, சாய்ந்த கப்பலை நிமிர்த்தும் பலம் குறையும்; அதற்கான கையிருப்பே ஒன்றிரண்டு மீட்டர்தான். மேல்கட்டுமானத்தை அலுமினியத்தில் செய்து எடை குறைக்கலாம். அமெரிக்காவின் டிகாண்டெரோகா ரகப் போர்க்கப்பல்களில் அப்படிச் செய்து விரிசல் விட்டது; பின்னால் வந்த ஆர்லி பர்க் ரக நாசகாரிகளில் எஃகுக்கே திரும்பினார்கள். அந்த விரிசல் உங்கள் கதைக்கு நல்ல முடிச்சு.

கேள்வி: சண்டை நடுவே கடலிலேயே ஏவுகணை நிரப்பலாமா?
- மாதுங்கா வாசகர்

பதில்: ஏவுகணையை நேர்மேலே ஏவும், தளத்துக்குள் பதித்த செங்குத்துக் குழல் என்றால் கிட்டத்தட்ட முடியாது. ஏவுகணை வைத்த பல மீட்டர் நீள உறையை, ஆடும் இரண்டு கப்பல்களுக்கு நடுவே தூக்கி, சற்றே பெரிய துளையில் நேராக இறக்க வேண்டும். அமெரிக்கர்கள் முன்னும் பின்னும் மும்மூன்று குழல் இடத்தில் மடக்கு கிரேன் வைத்துப் பார்த்தார்கள். அதனால்தான் பழைய ஆர்லி பர்க் கப்பல்களில் 90 குழல். கிரேனை விட்ட பிறகு 96. 2024 அக்டோபரில் வேறு கருவியோடு மறுபடி கடலில் சோதித்தார்கள். கதையில் கப்பலைத் துறைமுகத்துக்கே அனுப்புங்கள்.

கேள்வி: மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவில் நின்று பார்த்தால், நம் கடற்படைக் கப்பல் நாசகாரியா, ஃபிரிகேட்டா (பொதுவாக அதைவிடச் சிறிய போர்க்கப்பல்) என்று எப்படித் தெரியும்?
- தாராவி வாசகர்

பதில்: பக்கவாட்டில் எழுதிய எண்ணைப் பாருங்கள். டி என்று தொடங்கினால் நாசகாரி, எஃப் என்றால் ஃபிரிகேட். ஐஎன்எஸ் மும்பைக்கு டி62.