ஏர்கன் சீல் அளவுகள்: பழைய ரிங்கை அல்ல, பள்ளத்தை அளந்து சொல்லுங்கள்

கேரள-தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் பம்பு செட்டுகளையும் ஏர்கன்களையும் ஒரே மேசையில் பிரித்து வேலை பார்க்கிறேன். சீல் வாங்கப் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போவது வழக்கம். பம்பு செய்யும் ஊரில் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையச் சீலுக்குப் பஞ்சமே கிடையாது. சரியான அளவு தெரிந்து வருகிறவர்களுக்குத்தான் பஞ்சம். இம்முறை வந்த கேள்விகள் பலவும் அதையே சுற்றி வருவதால், அவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

என் ஏர்கன்னின் பிரீச் சீல் (குழலின் பின்முனை இணைப்பில் காற்றுக் கசியாமல் தடுக்கும் ரிங்) தேய்ந்துவிட்டது. பழைய ரிங்கை வெர்னியரில் அளந்தால் தடிமன் 1.6 மி.மீ. வருகிறது. கடையில் 1.5, 1.78, 2 ஆகிய தடிமன்களில் ரிங்குகள் உள்ளன. எதை வாங்குவது? (வேலந்தாவளம்)

பல ஆண்டுகள் நசுங்கிக் கிடந்த ரப்பர் தன் பழைய வடிவத்துக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. நீங்கள் அளந்த 1.6 என்பது ரிங் பிறந்த அளவு அல்ல, அது தேய்ந்து தட்டையான பிறகு எஞ்சிய அளவு. ஆகவே பழைய ரிங்கை ஒரு குண்டூசியால் நெம்பி எடுத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த பள்ளத்தைத் துடைத்து, வெர்னியரின் பின்முனையில் நீளும் ஆழக்கம்பியால் பள்ளத்தின் ஆழத்தை மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். பள்ளம் உலோகம், அது பொய் சொல்லாது.

ஆழம் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1.5 தடிமன் ரிங் பள்ளத்தின் வாயோடு சமமாக நிற்கும். குழலை மூடும்போது அது கொஞ்சமும் நசுங்காது, காற்று கசியும். 1.78 ரிங் 0.28 மி.மீ. மேலெழுந்து நின்று, மூடியதும் ஏறத்தாழ 16 விழுக்காடு நசுங்கும். இது நல்ல அளவு. 2 மி.மீ. ரிங்கோ 25 விழுக்காடு நசுங்க வேண்டியிருக்கும். அசையாத இடத்துச் சீலுக்கு அதுவும் தாங்கக்கூடியதே என்றாலும், மடக்கிக் குழலைத் திறக்கும் துப்பாக்கியில் ஒவ்வொரு முறை மூடும்போதும் பூட்டு தடுமாறி, குழல் மூடும் கோணம் மாறி, குறி மேலும் கீழும் அலையும். பள்ளத்தின் அகலமும் முக்கியம்: ரப்பர் நசுங்குமே தவிரக் கன அளவில் சுருங்காது, எனவே பக்கவாட்டில் அது ஒதுங்குவதற்கு இடம் வேண்டும். அகலம் ரிங்கின் தடிமனைப் போல் 1.3 முதல் 1.5 மடங்கு வரை இருந்தால் போதும்.

மாட்டிய பிறகு பிரீச் இணைப்பின் மேல் ஒரு கீற்று டிஷ்யூ காகிதத்தை வைத்து, குண்டு போட்டு, பாதுகாப்பான இலக்கை நோக்கிச் சுட்டுப் பாருங்கள். காகிதம் துள்ளினால் கசிவு இன்னும் இருக்கிறது என்று பொருள். அப்போது ரிங்குக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை வளையமாக வெட்டி வைக்கலாம். குண்டில்லாமல் மட்டும் சுடாதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்சுவரில் மோதிப் புதுச் சீலையும் கெடுக்கும்.

நண்பர் ‘12-ஆம் நம்பர் ஓ-ரிங்’ என்று எழுதி அனுப்பினார். அதையே கேட்டு வாங்கினேன், தொளதொளவென்று இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (நகரி)

இல்லை. நீங்கள் கேட்டதைத்தான் அவர் கொடுத்திருக்கிறார். அமெரிக்கத் தரமான ஏ.எஸ். 568-இல் 012 என்பது உள்விட்டம் 9.25, தடிமன் 1.78 மி.மீ. கொண்ட ரிங். ஜப்பானியத் தரத்தில் பி 12 என்பது உள்விட்டம் 11.8, தடிமன் 2.4. அதே அமெரிக்கப் பட்டியலில் 112 என்று இன்னொன்று உண்டு, அது 12.37-க்கு 2.62. மூன்றையும் நம் கடைகளில் ‘12’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எல்லையின் இரு பக்கமும் பட்டறைக்காரர்கள் நூல் கணக்கிலும் பேசுவார்கள். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். அதாவது ஒரு நூல் 3.175 மி.மீ. போல்ட்டுக்கும் குழாய்க்கும் அந்தக் கணக்கு சரிதான். ஓ-ரிங்கில் அது காலை வாரும். ‘இரண்டு நூல் உள்விட்டம், அரை நூல் தடிமன்’ என்று விற்கும் 010 ரிங்கின் உண்மையான உள்விட்டம் 6.35 அல்ல, 6.07, உண்மையான தடிமன் 1.59 அல்ல, 1.78. நூல் கணக்கு அங்கே வெறும் பெயர்தான். எனவே எண்ணைச் சொன்னால் எந்தத் தரம் என்பதையும் சொல்லுங்கள். அதைவிட நல்லது, எண்ணை விட்டுவிட்டு உள்விட்டத்தையும் தடிமனையும் மில்லிமீட்டரில் எழுதுவது.

சின்ன ரிங்கின் உள்விட்டத்தை வெர்னியரால் அளக்க முடியவில்லை. நுனி பட்டதும் ரிங் நீள்கிறது. வேறு வழி உண்டா? (மீனாட்சிபுரம்)

உண்டு. டிரில் பிட்டுகளின் வழவழப்பான பின்பகுதியில் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். நீளாமலும் ஆடாமலும் எந்தப் பிட்டில் நிற்கிறதோ அதன் விட்டமே ரிங்கின் உள்விட்டம். எப்படியும் தூக்கியெறியப்போகும் ரிங் என்றால், பிளேடால் ஓரிடத்தில் வெட்டி, மேசையில் இழுக்காமல் நேராகக் கிடத்தி நீளத்தை அளக்கலாம். அந்த நீளத்தை 3.1416-ஆல் வகுத்து, வரும் விடையிலிருந்து தடிமனைக் கழிக்க வேண்டும். நீளம் 39.6, தடிமன் 1.78 என்றால் உள்விட்டம் 10.82, அது ஏ.எஸ். 568-இன் 013. தடிமனை அளக்கும்போது வெர்னியரின் தாடைகள் ரப்பரைத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது.

தாத்தா காலத்து ஸ்பிரிங் துப்பாக்கி. பிஸ்டன் தலையில் தோல் சீல் இருக்கிறது, காய்ந்து விறைத்துவிட்டது. ரப்பர் சீலுக்கு மாற்றலாமா? (குப்பம்)

மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. தோலுக்கென்று கடைந்த பிஸ்டன் தலை தோலையே கேட்கும். அந்தக் காலத்துச் சிலிண்டர்களின் உட்சுவர் செயற்கைச் சீலுக்குத் தேவையான வழவழப்போடு இருப்பதும் அரிது. முதலில் அந்தத் தோலுக்கே உயிர் கொடுத்துப் பாருங்கள். மாட்டுக்குளம்பு எண்ணெய் சில சொட்டு விட்டு, துப்பாக்கியை ஓரிரவு நிமிர்த்தி வைத்தால் பல சீல்கள் மீண்டுவிடும்.

மீளவில்லை என்றால் புதிதாகச் செய்யலாம், அதற்கு உங்கள் ஊரைப் போல வாய்ப்பான இடமில்லை. மலை இறங்கினால் வாணியம்பாடி. தாவரப்பட்டையால் பதனிட்ட தோலாகக் கேட்டு வாங்குங்கள்; நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையால் பதனிடும் மரபு பழையது. குரோம் பதனிட்ட தோல் மென்மையாக இருக்கும், ஆனால் ஈரத்தில் கொடுத்த வடிவத்தைக் காய்ந்த பின் வைத்துக்கொள்ளாது. மூன்று மில்லிமீட்டர் தோலை வட்டமாக வெட்டி, விரல் தாங்கும் சூட்டு நீரில் நன்றாக ஊற வையுங்கள்; கொதிநீரில் தோல் சுருங்கிக் கட்டையாகிவிடும். சிலிண்டரின் உள்விட்டத்துக்கே துளையிட்ட ஒரு கட்டையும், அதற்குள் தோலின் தடிமன் போக நுழையும் ஒரு குமிழும் லேத்தில் கடைந்து வாங்கி, ஈரத்தோலை இடையில் வைத்து போல்ட்டால் மெதுவாக முறுக்கினால், சைக்கிள் பம்பின் தோல் வாஷரைப் போலக் கிண்ணமாக வரும். நிழலில் இரண்டு நாள் காய வையுங்கள். பிறகு விளிம்பைச் சமமாகச் சீவி, எண்ணெயில் ஊறப்போட்டு, சிலிண்டருக்குள் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். இறுக்கமாக, ஆனால் சிக்காமல் நகர வேண்டும்.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கவனம் தேவை. சுடுவதற்காக ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்டாமல் இருக்கும்போதும் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தில்தான் இருக்கிறது. அதை அமுக்கிப் பிடிக்கும் கருவியில்லாமல் பின்முனையைத் திறக்க வேண்டாம்.

கார்பன் டை ஆக்சைடு பிஸ்டலில் சீலைக் கழற்றினேன். பள்ளத்துக்கே திரும்ப உட்கார மறுக்கிறது. தவறான அளவுச் சீலைத்தான் யாரோ போட்டிருந்தார்களா? (புனலூர்)

அப்படி முடிவு செய்ய வேண்டாம். அந்த வாயு நைட்ரைல் ரப்பருக்குள் ஊறும். கழற்றிய உடனே ரிங் உப்பியிருக்கும். ஒரு நாள் வெளியே வைத்தால் வாயு வெளியேறிப் பழைய அளவுக்கு வரும், அதன் பிறகே அளக்க வேண்டும். மேலே கொப்புளமோ கீறலோ இருந்தால் அதைத் திரும்பப் போடாதீர்கள். புதிதாக வாங்கும்போது 90 ஷோர் கடினமுள்ள பாலியூரித்தேன் ரிங் கேளுங்கள்; அது அவ்வளவு உப்பாது.

தேங்காய் எண்ணெய் விடலாமா? வீட்டில் எப்போதும் இருக்கிறது. (குமுளி)

வேண்டாம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். உங்கள் ஊரின் மார்கழிக் காலையில் துப்பாக்கிக்குள் மெழுகாகி நிற்கும். ஸ்பிரிங் துப்பாக்கியின் அழுத்த அறைக்குள் எரியக்கூடிய எந்த எண்ணெய் அதிகமானாலும், காற்று சட்டென்று அமுங்கும் சூட்டில் அது தீப்பற்றிச் சீலைக் கருக்கும். ஸ்பிரிங்குக்கும் உரசும் உலோகத்துக்கும் மாலி கிரீஸ் (மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ்) மெல்லிய பூச்சாக. ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு. சிலிக்கான் ரப்பரில் செய்த ரிங்குக்கு மட்டும் சிலிக்கான் எண்ணெய் ஆகாது, உப்பிவிடும்.

பி.சி.பி. ரைஃபிளின் சிலிண்டர் சீலை நானே மாற்றலாமா? (பாலக்காடு)

பி.சி.பி. என்பது முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்துச் சுடும் வகை; இருநூறு பார் காற்றை அடைத்து வைத்த பாத்திரம் அதன் சிலிண்டர். காற்று முழுதும் வெளியேறியதை உறுதி செய்யாமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெயை அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள். ரிங்கை 90 ஷோரில், கடினம் எவ்வளவு என்று எழுதித் தரும் கடையிலேயே வாங்குங்கள். பத்து மீட்டர் போட்டிக்குச் செல்பவர்கள் சிலிண்டரில் பொறித்த தேதியையும் பார்க்க வேண்டும். சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளன விதிப்படி அதன் காலம் பத்தாண்டுக்கு மேல் போகக் கூடாது.

நான் கண்டுபிடித்த அளவுகளை மற்றவர்களுக்குத் தர விரும்புகிறேன். எப்படி எழுதுவது? (செங்கோட்டை)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிஸ்டன் ரிங்கின் தடிமன் 2.4 என்று நான் பலருக்குச் சொன்னேன்; பழைய ரிங்கை அளந்த அளவு அது. பிறகு பள்ளத்தை அளந்தபோது அது 2.62 ரிங்குக்குரியது என்று தெரிந்தது. அதற்குள் நான்கு பேர் 2.4 வாங்கி மாட்டிக் கசிவோடு திரும்பினார்கள். அன்றிலிருந்து என் நோட்டில் ஒவ்வொரு அளவையும் இப்படித்தான் எழுதுகிறேன்:

‘பிரீச் சீல். பள்ளம்: உள்விட்டம் 6.2, அகலம் 2.5, ஆழம் 1.5. போட்டது: 6.07 × 1.78, நைட்ரைல், 70 ஷோர். பள்ளத்தை நானே அளந்தேன். 500 குண்டுக்குப் பின் கசிவில்லை.’

இதற்கு மேலே துப்பாக்கியின் பெயர், மாதிரி, உடலில் பொறித்த எண்ணின் தொடக்கப் பகுதி ஆகியவற்றைச் சேருங்கள். முழு எண் வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் தயாரிப்பாளர்கள் இடையில் அளவை மாற்றுவதுண்டு. வேறு நிறுவனத்தின் சீல் பொருந்தும் என்று ஊகிப்பதும் ஆகாது: டயானா 34-இன் பிஸ்டன் 28 மி.மீ., வைராக் எச்.டபிள்யூ. 35-இன் பிஸ்டன் 30. அளவு எங்கிருந்து வந்தது என்பதை, அதாவது பள்ளமா, புது ரிங்கா, பழைய ரிங்கா, இன்னொருவர் சொன்னதா என்பதை, ஒரு போதும் விட்டுவிடாதீர்கள்.

துப்பாக்கியை உங்களிடம் கொண்டுவர வேண்டும். மளுக்குப்பாறை வழியாக வரலாமா? (வால்பாறை)

வர வேண்டாம். 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் பாதை காட்டுக்குள்தான் போகிறது. துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். பள்ளத்தின் மூன்று அளவுகளையும், வெட்டி நேராக்கிய பழைய ரிங்கின் நீளத்தையும் எழுதி அனுப்புங்கள். பொருந்தும் ரிங்கை இரண்டு தடிமன்களில் எடுத்துத் தபாலில் அனுப்புகிறேன்.