சம்பளம் கூடியும் மாதக் கடைசியில் கையில் ஏன் எதுவும் நிற்பதில்லை?

கேள்வி: திருச்சியில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள், கூடவே அத்தை. 2019-ல் இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 58,000 ரூபாய் வந்தது. வீட்டுக் கடன் தவணை 18,500 போக, மாதம் 9,000 ரூபாய் சீட்டுக் கட்டினோம். லாக்டவுனில் சீட்டு நின்றுபோனது, அப்புறம் சேரவே இல்லை. 2025-ல் 76,000 வருகிறது, தவணை அதே 18,500தான். ஆனால் 22, 23 தேதிக்கு மேல் கிரெடிட் கார்டில்தான் வண்டி ஓடுகிறது. "எல்லாம் அந்த ஆப்பால வந்த வினை" என்கிறார் அத்தை. "விலைவாசி அப்படி" என்கிறார் கணவர். மளிகை ஆப்பை எல்லாம் அழித்துவிடட்டுமா? மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் கட்டுவது) போட எந்த ஃபண்ட் நல்லது? ஒரு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டும் சில பழைய ஆவணங்களும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஃபண்ட் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில் உங்கள் வீட்டுப் பஞ்சாயத்தைத் தீர்க்கலாம்.

கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விலைவாசி வருடம் 5% ஏறியதாக வைத்தால் ஆறு வருடத்தில் 34% கூடிவிடும். அன்றைய 58,000 இன்றைக்கு 77,700-க்குச் சமம். அதாவது உங்களுக்குச் சம்பளம் கூடவே இல்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் தவணை மட்டும் ஏறாமல் நின்றதே, அது பெரிய லாபம். அன்று தவணையும் சீட்டும் போக 30,500-ல் குடும்பம் நடத்தினீர்கள். அதே குடும்பம் இன்று நடத்த சுமார் 41,000 போதும். தவணை போக உங்கள் கையில் 57,500 இருக்கிறது. 16,500 மிஞ்ச வேண்டும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஃபீஸ் ஏறியிருக்கும் என்று 5,000 தள்ளினாலும் 11,000-க்கு மேல் எங்கே போகிறது?

2020-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் ஊரடங்கு. கடைக்குப் போகவே பயம், திறந்தாலும் மதியம் 1 மணி வரைதான் என்று பல வாரம் இருந்தது. மே மாதம் கோயம்பேட்டையே மூடி மார்க்கெட்டைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஆப்புக்கு மக்கள் பழகியது அப்போதுதான். ஆன்லைன் வகுப்புக்கு வைஃபை, பொழுதுபோக்க ஓடிடி, ஐந்து ரூபாய்க்கும் ஜிபே. ஆனால் அதே சமயம் கல்யாணம், காதுகுத்து, தியேட்டர், ஊருக்குப் போகிற பஸ் டிக்கெட் எல்லாம் நின்றிருந்தன. புதுச் செலவு பழைய செலவின் இடத்தில் உட்கார்ந்தது, அதனால் யாருக்கும் வலிக்கவில்லை. 2022-க்குப் பிறகு பழையது எல்லாம் திரும்பி வந்தது, புதுசு எழுந்து போகவில்லை. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

மளிகையை எடுத்துக்கொள்வோம். அண்ணாச்சி கடைக்கு 4,600 போயிருக்கிறது. கூடவே மளிகை ஆப்பில் 31 ஆர்டர், 11,200 ரூபாய். ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று முறை: காலை 7.10-க்குப் பால், 7.40-க்கு 214 ரூபாய், இரவு 9 மணிக்கு 186. அந்த 214-ல் என்ன இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேண்டியிருந்தது கொத்தமல்லியும் இஞ்சியும்தான். டெலிவரி சார்ஜ் விழாமல் இருக்க பிஸ்கட், சிப்ஸ், ஒரு ஐஸ்கிரீம். கொத்தமல்லி, கறிவேப்பிலை கொசுறாக வாங்கிய வீட்டில் இன்று 15 ரூபாய் கட்டுக்காக 200 ரூபாய் சாமான் ஏறுகிறது. பலர் ஹேண்ட்லிங் சார்ஜைத் திட்டுகிறார்கள். உங்கள் கணக்கில் கட்டணம் எல்லாம் சேர்த்தே 700 ரூபாய்க்குள்தான். அதைத் தவிர்க்கப் போட்ட சாமான்தான் பல ஆயிரம்.

ஆகவே ஆப்பை அழிக்க வேண்டாம், அழித்தால் அடுத்த வாரம் மறுபடி இறக்குவீர்கள். மாச லிஸ்ட்டை மீட்டுக்கொண்டு வாருங்கள். லாக்டவுனில் நாம் பழகிய ஒரு நல்ல விஷயம், லிஸ்ட்டை அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினது. அவர் பையனிடம் கொடுத்தனுப்புவார், குறைந்தபட்ச பில் எல்லாம் கேட்க மாட்டார். இந்த வேலையை அத்தையிடம் விடுங்கள். எது தீர்ந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். ஆப் வாரத்துக்கு இரண்டு ஆர்டர், அவ்வளவுதான். மளிகைச் செலவு மொத்தமும் 10,500-க்குள் வந்துவிடும்.

அடுத்தது மொய். ஒரே மாதத்தில் ஐந்து இடம், 5,500 ரூபாய், அதில் மூன்றுக்கு நீங்கள் போகவே இல்லை. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று கட்டுப்பாடு இருந்த காலத்தில் வர முடியாதவர்கள் ஜிபேயில் மொய் அனுப்பியது சரி. பத்திரிகையிலேயே க்யூஆர் கோடு அச்சடித்தவர்களும் உண்டு. முன்பெல்லாம் வீட்டுக்கு வந்து தாம்பூலத்தோடு பத்திரிகை வைத்தவருக்குத்தான் மொய். இப்போது இருநூறு பேர் உள்ள குரூப்பில் ஒரு பத்திரிகைப் படம் விழுந்தாலே கடமை வந்துவிட்டதாக நினைக்கிறோம். என் கருத்து: குரூப்புக்கு வந்த பத்திரிகைக்கு குரூப்பிலேயே வாழ்த்து போதும். உங்கள் வீட்டு விசேஷத்துக்குச் செய்தவர்களுக்கும் நேரில் அழைத்தவர்களுக்கும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். அது செலவு இல்லை, நாளைக்குத் திரும்பி வரும் கணக்கு. ஆனால் ஜிபேயில் போனதும் வந்ததும் மொய் நோட்டில் ஏறவில்லை, இல்லையா? பழைய ஸ்டேட்மென்ட்டுகளை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிவிடுங்கள். மொய்க்கென்று மாதம் 2,500 தனியாகப் போடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, அப்போது சேர்ந்தது ஆவணிக்கும் தைக்கும் உதவும்.

சந்தாக்கள் சுருக்கமாக. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே (மாதாமாதம் தானாகப் பணம் போகிறவை) பகுதியைத் திறந்து பாருங்கள், கார்டில் போகிறவற்றையும் பாருங்கள். நான்கு ஓடிடிக்கு மாதம் 1,150 போகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்றான பிறகு அடுத்ததுக்கு மாறுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே மெசேஜ் வர வேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளிவிடுகிறோம், அவ்வளவுதான். வீட்டில் வைஃபை இருக்கும்போது அத்தை போனுக்கும் தினம் 2 ஜிபி எதற்கு? பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் சொன்ன பிறகு அதுவும் கிடைக்கிறது.

இன்னொரு வேலை. சம்பளக் கணக்கிலிருந்து ஜிபேயைக் கழற்றிவிடுங்கள். ஜீரோ பேலன்ஸ் கணக்கு ஒன்று திறந்து, யுபிஐயை அதில் மட்டும் இணைத்து, சனிக்கிழமைதோறும் 4,000 ரூபாய் மாற்றுங்கள். தீர்ந்தால் அடுத்த சனிக்கிழமைதான். கணவருக்குக் கோபம் வரும், முதல் மாதம் மட்டும்.

தவணை மாறவில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள், அங்கே ஒரு சிக்கல் இருக்கலாம். 2020-ல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போடும் சலுகை இருந்தது. எடுத்திருந்தால் அந்த ஆறு மாத வட்டி அசலில் ஏறியிருக்கும். அப்புறம் 2022 மே மாதம் 4%-ல் இருந்த ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டி) 2023 பிப்ரவரிக்குள் 6.5% ஆனது. தவணை கூடாதிருக்க வங்கிகள் பலருக்கும் கடன் காலத்தை நீட்டின. பிள்ளைகள் காலேஜ் முடித்த பிறகும் கட்டும் நிலையா என்று வங்கியில் கடன் ஸ்டேட்மென்ட் கேட்டுப் பாருங்கள். 2025-ல் வட்டி இறங்கியிருக்கிறது. "தவணையைக் குறைக்காதீர்கள், மாதங்களைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

சரி, எஸ்ஐபி. இப்போது வேண்டாம். கார்டு பாக்கியை முழுசாகக் கட்டாமல் தள்ளினால் மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேல்கூட வட்டி போகும், அதை ஈடுகட்டும் ஃபண்ட் எதையும் எனக்குத் தெரியாது. முதல் மூன்று மாதம் மிஞ்சுவது எல்லாம் கார்டுக்கு. அது தீர்ந்ததும் சம்பளம் வரும் மறுநாளே 9,000 ரூபாய் ஆர்டி (வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு). சீட்டில் உங்களுக்கு லாபம் கொடுத்தது ஏலத் தள்ளுபடி இல்லை, கேட்காமல் கட்டவைத்த அந்தத் தேதி. சீட்டுதான் வேண்டும் என்றால் பதிவு செய்த கம்பெனியில் மட்டும். ஆர்டியில் ஒரு லட்சம் சேர்ந்த பிறகு எழுதுங்கள், ஃபண்ட் பெயர் சொல்கிறேன்.

ஒன்று விட்டுப்போனது. பழைய ஆவணங்களோடு 2020-ல் எடுத்த, கொரோனா சிகிச்சைக்கான கொரோனா கவச் பாலிசியையும் இணைத்திருந்தீர்கள். அது அதிகபட்சம் ஒன்பதரை மாதத்துக்கானது, எப்போதோ முடிந்துவிட்டது. ஆபீஸ் இன்சூரன்ஸில் அத்தை இருக்கிறாரா என்று இந்த வாரமே கேளுங்கள். இல்லையென்றால் அவருக்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும். தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை, பிரீமியத்தை அதற்கேற்பக் கேட்டு வாங்குங்கள்.