ஹாங்காங்கில் முதல் இரண்டு நாள்: பெற்றோரோடு போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையிலிருந்து அறுபது தாண்டிய அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு முதல்முறையாக ஹாங்காங் போகிறோம், முதல் நாட்களை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் திருநெல்வேலிதான். அம்மாவை அழைத்துப் போய் வந்தவன் என்பதால் சொல்கிறேன்: முதல் இரண்டு நாளும் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம் எதுவும் வேண்டாம். டிராமிலும் (தெருவில் தண்டவாளத்தில் ஓடும் மாடி வண்டி) படகிலும் உட்கார வையுங்கள், போதும்.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி, விமானத்தில் ஒரு ராத்திரி என்று தூக்கம் கெட்டுத்தான் போய் இறங்குவோம். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அந்த அலுப்போடு அங்கே நெரிசலான கடைத்தெருவான நாதன் ரோட்டு நடைபாதையில் இறங்கினால், ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதியில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். பெரியவர்கள் முதல் நாளே மிரண்டுவிட்டால் அப்புறம் அறையை விட்டுக் கிளம்பவே யோசிப்பார்கள்.

கிளம்புவதற்கு முன்பே, ஹாங்காங்கில் நுழைய இந்தியர்களுக்கான இணையப் பதிவை முடித்துவிடுங்கள். இலவசம்தான். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும். இனிஷியல், அப்பா பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குக் குழப்பம் வருவது அங்கேதான். விமான நிலையத்திலேயே ஆளுக்கொரு ஆக்டோபஸ் கார்டு (காசு ஏற்றிப் பயன்படுத்தும் அட்டை) வாங்கிக்கொள்ளுங்கள். ரயில், பஸ், டிராம், படகு, பெட்டிக்கடை எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். துறைமுகத்தின் வடகரையான கவுலூன் பக்கம் தங்கினால் ஏ21 மாடி பஸ் நேரே கொண்டுபோய் விடும்.

ஹாங்காங் தீவில் டிராம் 1904-லிருந்து ஓடுகிறது. பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் காசு. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். மாடியில் முன் ஜன்னலோரம் அம்மாவை உட்கார வைத்தேன். கீழே மீன் கடை, காய்கறிக் கூடை, கருவாட்டுக் கடை வரிசை என்று கைக்கு எட்டுகிற தூரத்தில் கடந்து போயின. கருவாட்டு வாடை வந்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எட்டிப் பார்த்தார். கடைசி நிறுத்தம் வந்தபோது, "எய்யா, எறங்க வேண்டாம். இன்னொரு நடை போவமா?" என்றார். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவருக்குப் பயமே இல்லை.

சாயங்காலம் கவுலூன் கரையிலுள்ள சிம் ஷா சுயியிலிருந்து ஸ்டார் ஃபெர்ரி படகில் எதிர்க்கரையிலுள்ள சென்ட்ரலுக்குப் போய்த் திரும்புங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது. இரண்டு கரையிலும் விளக்கு ஏறுகிற நேரம் பார்த்துப் போனால் நல்லது.

மெட்ரோவில் ஒன்றில் மட்டும் கவனம். அங்கே எஸ்கலேட்டர் நம் ஊர் ஜவுளிக்கடையில் இருப்பதைவிட வேகம். சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் லிஃப்ட் இருக்கிற வாசலைத் தேடிப் போங்கள்.

சாப்பாட்டுக்கு, நாதன் ரோட்டிலுள்ள சுங்கிங் மேன்ஷன்ஸ் என்ற பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் இந்தியக் கடைகள் உண்டு. கீழ்த்தளத்தில் ஆள் பிடிப்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். நிற்காமல் நடந்துவிடுங்கள். காலையில் அங்கேயும் அரிசிக் கஞ்சிதான். இறைச்சி போடாத வெறும் கஞ்சியா என்று கேட்டு வாங்குங்கள். புளிமிளகாய் பாட்டில் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். காயல்பட்டினத்துக்காரர்கள் தலைமுறையாகத் தொழில் செய்கிற ஊர் என்பதால், தெருவில் தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் நல்லது. கோடையில் போனால் புயல் எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். 8-ஆம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் படகும் டிராமும் நின்றுவிடும்.